சோறு போடாதவர்கள் கேட்கும் செஞ்சோற்றுக் கடன்

'சமூகத்துக்குத் திருப்பிக் கொடு' என்கிற பேச்சு இப்போது எல்லா மேடைகளிலும் கேட்கிறது. ஒடுக்கப்பட்டவர் வீட்டுப் பிள்ளை ஒன்று படித்து வேலைக்குப் போனால், ஓடி ஜெயித்தால், எழுதிப் பேர் வாங்கினால், மறுநாளே கேள்வி வாசலில் வந்து நிற்கிறது: 'வாங்கினதெல்லாம் சரி, திருப்பி என்னா குடுத்தே?' கேட்கிற ஆள் யார் என்று நாம் பார்ப்பதே இல்லை. கடன் என்ற சொல் காதில் விழுந்தாலே தலை குனிந்து பழகிவிட்டோம். கொடுத்தவன் கேட்கிறானா, கொடுக்காதவன் கேட்கிறானா, பத்திரம் இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரிக்காமலே கைநாட்டு வைத்த பரம்பரை அல்லவா நாம்.

அந்த விசாரணையைத்தான் இங்கே நடத்தப் பார்க்கிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்வது ஷானி டேவிஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வாழ்க்கை. அவர் ஸ்பீடு ஸ்கேட்டிங் வீரர். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் போட்டியில் தங்கம் வென்ற முதல் கறுப்பர். நம் ஊரில் பனியும் இல்லை, பனித்தளமும் இல்லை, இவன் எதற்கு இதைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று கேட்கலாம். 'திருப்பிக் கொடு' என்ற வழக்கு, வாதி பிரதிவாதி சாட்சி எல்லோரோடும், உலகமே பார்க்க ஒரே வாரத்தில் விசாரிக்கப்பட்டது அந்த ஆள்மீதுதான். 2006 பிப்ரவரியில், இத்தாலியின் டுரின் நகரில். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு விசாரணையை அப்புறம் வைத்துக்கொண்டார்கள் என்பதும் நமக்குப் பழக்கமான சங்கதிதான்.

முதலில் அந்த விளையாட்டு. 400 மீட்டர் சுற்றளவில் நீள்வட்டமான பனித்தளம். இரண்டு இரண்டு பேராக விடுவார்கள். உள்தடத்தில் போகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் வெளித்தடத்துக்கு மாறவேண்டும், வெளியில் போகிறவர் உள்ளே வரவேண்டும். கூட ஓடுகிறவரை முந்தினால் மட்டும் போதாது, மொத்தப் பட்டியலின் நேரத்தையும் முந்தவேண்டும். 1000 மீட்டர் என்றால் இரண்டரைச் சுற்று. காலுக்கடியில் இருக்கும் மெல்லிய நீளமான இரும்புப் பட்டையின்மேல் மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில், இடுப்பை மடக்கிக் குனிந்தபடியே போகவேண்டும். கடைசி அரைச் சுற்றில் தொடை எரியும். அந்த எரிச்சலில் முதுகை நிமிர்த்தியவர் தோற்றார்.

இதில் சாதி எங்கே, நிறம் எங்கே? தளத்துக்கு அடியில் இருக்கிறது. செயற்கைப் பனித்தளத்தின் அடியில் குழாய்களில் குளிரூட்டும் திரவம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு இயந்திரம், மின்சாரம், ஆள். ஆகவே தளத்தின் நேரம் மணிக்கணக்கில் விலைக்கு விற்கப்படுகிறது. பிறகு பூட்ஸ், பட்டை, பயிற்சியாளர், ஊர் ஊராகப் போய்வரச் செலவு. பந்து ஒன்று இருந்தால் தெருவில் இருபது பேர் ஆடலாம். தெருவில் பனித்தளம் போட முடியாது. எந்த விளையாட்டில் நுழைவுச் சீட்டு விலை அதிகமோ அந்த விளையாட்டில் 'இவங்களுக்கு இது வராதுப்பா, உடம்பு வாகு அப்படி' என்ற பொதுப்புத்தியும் அதிகம். வாசலைப் பூட்டிவிட்டு, உள்ளே வராதவனுக்கு நடக்கத் தெரியாது என்று சொல்வது உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஷானி டேவிஸ் 1982இல் சிகாகோவில் பிறந்தவர். தாய் ஷெரி டேவிஸ் தனியாளாக நின்று வளர்த்தார். நகரத்தின் தென்பகுதி. கறுப்பின மக்கள் அடர்த்தியாக வாழும் பகுதி அது. அவர் பிறப்பதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்னால் அதே தென்பகுதியில் ஒரு ஸ்கேட்டிங் தளத்தின் வாசலில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 'ஒயிட் சிட்டி' என்ற கேளிக்கைப் பூங்காவின் ரோலர் ஸ்கேட்டிங் தளம். பெயரே வெள்ளை நகரம்! சுற்றிலும் கறுப்பர்கள் குடியிருக்கிறார்கள், உள்ளே கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை. சட்டப்படி அப்படிச் சொல்ல முடியாது என்பதால், 'இன்னிக்கு உறுப்பினர்களுக்கு மட்டும், தனியார் மன்றத்து நிகழ்ச்சி' என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். 1942இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட இனச் சமத்துவ அமைப்பான 'கோர்' அந்த வாசலில் போராடியது. 1946இல் மறியல் நடத்தி அந்தத் தளத்தைத் திறக்க வைத்தார்கள். பேருந்துகளில் இருக்கைக்காக நடந்த போராட்டங்களை நாம் படித்திருக்கிறோம். சக்கரக் காலணி கட்டிக்கொண்டு வட்டமடிக்கவும் மறியல் செய்யவேண்டியிருந்தது என்பதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தப் பின்னணியில் ஷானி என்ற சிறுவனைப் பாருங்கள். ரோலர் ஸ்கேட்டிங் தளத்தில் மிக வேகமாகச் சுற்றுகிறான் என்று காவலர்கள் அவனைத் துரத்திப் பிடிப்பார்களாம். சிகாகோவின் கறுப்பர் வாழ்வில் ரோலர் ஸ்கேட்டிங் ஒரு பண்பாடாகவே வேரூன்றியிருந்தது. அது மறியலில் வாங்கிய தளம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஷெரி வேலை பார்த்தது ஒரு வழக்கறிஞரிடம். அந்த வழக்கறிஞர் ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டிகளில் அதிகாரியாகவும் இருந்தவர். பையனைப் பனித்தளத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது அவர்தான். ஆறு வயதில் எவான்ஸ்டன் ஸ்கேட்டிங் மன்றத்தில் சேர்த்தார்கள். எவான்ஸ்டன் வடக்கே, வீடு தெற்கே. அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? மகனின் பயிற்சிக்காகத் தென்பகுதியின் ஹைட் பார்க்கிலிருந்து வடக்கே ரோஜர்ஸ் பார்க்குக்குக் குடித்தனத்தையே மாற்றினார். தினமும் காலையில் எழுப்பி ஒரு மைல் ஓடவைத்தார். மூச்சு பிடிக்க வேண்டுமே!

வீடு மாற்றுவது என்றால் சும்மாவா? வாடகை, வேலைக்குப் போகிற தூரம், பழகிய அண்டை அயல், அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் சொந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவது. இந்தச் செலவை எந்தக் கூட்டமைப்பும் தன் கணக்கில் எழுதுவதில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்தது என் அம்மாவின் நடவுக் கூலியில். சேற்றில் நின்று நின்று அவள் கால்விரல் இடுக்கில் வந்த புண் எந்தச் சான்றிதழிலும் இல்லை. விடுதியில் ஒரு வார்டன் இருந்தார். ஏதாவது கேள்வி கேட்டால், 'கவர்மெண்ட்டு சோறு தின்னுட்டு என்னடா திமிரு' என்பார். அந்தச் சோறு என்னவோ அவர் வீட்டு அரிசியில் பொங்கியது போல. அவர் படித்த கல்லூரியும் வாங்கிய சம்பளமும் மட்டும் கவர்மெண்ட்டு சோறு கிடையாதா? அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது: செஞ்சோற்றுக் கடனை ரொம்பச் சத்தமாகக் கேட்கிறவன் உலை வைத்தவனாக இருக்கமாட்டான்.

ஷானி பதினாறு வயதில் சிகாகோவை விட்டு நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட்டுக்குப் பயிற்சிக்குப் போனார். அங்கிருந்து மிச்சிகனின் மார்க்வெட். கூட்டமைப்பு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன், பயிற்சியில் இடம் கிடைத்தது உண்மை. ஆனால் அந்த இடம் வந்தது எப்போது? ஒரு தாய் பத்து ஆண்டுகள் தூக்கிச் சுமந்து, இனி இவனை ஒதுக்க முடியாது என்று கடிகாரமே சாட்சி சொன்ன பிறகு. 2000, 2001, 2002 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, குறுந்தடம், நெடுந்தடம் என்ற இரண்டு பிரிவிலும் உலக இளையோர் போட்டிக்கான அமெரிக்க அணியில் இடம் பிடித்தார். அதற்கு முன் எந்த அமெரிக்கரும் செய்யாதது.

2002இல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் குறுந்தட அணிக்குத் தேர்வானார். உடனே சந்தேகம் கிளம்பியது. தகுதிப் போட்டியில் கூட ஓடிய நண்பர்கள் இவருக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்று புகார். விசாரணையில் அது நிற்கவில்லை, தள்ளுபடியானது. ஆனாலும் பாருங்கள், முதல்முறை உள்ளே நுழையும்போதே 'யாரோ விட்டுக்கொடுத்ததால் வந்தவன்' என்ற முத்திரை. இட ஒதுக்கீட்டில் வந்தவன் என்று நம் பிள்ளைகளின் நெற்றியில் குத்தும் முத்திரைக்கு இது பங்காளி.

அதற்குப் பிறகு அவர் நெடுந்தடத்தில் கவனம் வைத்தார். அமெரிக்க அணியின் ஏற்பாட்டுக்கு வெளியே, பெரும்பாலும் கனடாவின் கால்கரியில் பயிற்சி. டச்சு வங்கி ஒன்று விளம்பரதாரராக இருந்தது. ஸ்கேட்டிங்கைத் தேசிய வெறியாகக் கொண்டாடும் நெதர்லாந்தில் அவர் பெயர் தெரியாத ஆள் இல்லை. சொந்த நாட்டில் தெரிந்தவர் குறைவு. 2005இல் உலக ஆல்ரவுண்ட் சாம்பியன். 500 மீட்டர் முதல் 10,000 மீட்டர் வரை நான்கு தூரங்களையும் ஓடி மொத்தக் கணக்கில் வெல்ல வேண்டிய பட்டம் அது. டுரினுக்குப் போகும்போது 1000 மீட்டர் உலக சாதனை அவர் பெயரில் இருந்தது.

இனி டுரின். அந்த ஒலிம்பிக்கில்தான் அணித் துரத்தல் என்ற போட்டியைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து எட்டுச் சுற்று, அதாவது 3,200 மீட்டர் ஓடவேண்டும். ஜெயிக்க ஜெயிக்க மறுபடி மறுபடி ஓடவேண்டும். அது பிப்ரவரி 15, 16 தேதிகளில். ஷானியின் 1000 மீட்டர் பிப்ரவரி 18இல். துரத்தலில் ஓடமாட்டேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அமெரிக்க அணியில் இன்னொரு வீரர் சாட் ஹெட்ரிக். டெக்சாஸ்காரர், வெள்ளையர். 5000 மீட்டரில் ஏற்கனவே தங்கம் வாங்கியிருந்தார். 1980இல் எரிக் ஹைடன் அய்ந்து தங்கம் வாங்கினாரே, அதைச் சமன் செய்வது அவர் ஆசை. அந்த அய்ந்தில் ஒன்று அணித் துரத்தல். ஷானி ஓடவில்லை. அமெரிக்கா காலிறுதியில் இத்தாலியிடம் தோற்றது.

விடிந்தது, ஷானி டேவிஸ் 'சுயநலக்காரர்'. நாட்டுக்காக ஓடாதவர். நன்றியில்லாதவர். அவருடைய இணையதளத்துக்கு இனவெறி வசைகள் வந்து குவிந்தன. கீழே விழுந்து காலை உடைத்துக்கொள் என்றுகூட வாழ்த்தினார்கள் தேசபக்தர்கள்.

கொஞ்சம் நிதானமாகக் கேட்போம். ஹைடன் 1980இல் வாங்கிய அய்ந்து தங்கமும் தனிநபர் தங்கம். அடுத்தவன் காலை இரவல் வாங்கி அவர் எதையும் ஜெயிக்கவில்லை. ஹெட்ரிக் தனக்கு அய்ந்து தங்கம் வேண்டும் என்று ஆசைப்பட்டது இலட்சியம். ஷானி தனக்கு ஒரு தங்கம் வேண்டும், அதற்கு என் காலைப் பத்திரப்படுத்தவேண்டும் என்று நினைத்தது சுயநலம். என்னய்யா நியாயம் இது? ஒரே ஆசை, தோல் மாறினால் பெயர் மாறிவிடுமா? நம் தெருவில் இதைத் தினமும் பார்க்கிறோம். பண்ணையார் மகன் எதிர்த்துப் பேசினால் தைரியசாலி, பறையன் மகன் பேசினால் திமிர் பிடித்தவன்.

பிப்ரவரி 18இல் ஷானி 1000 மீட்டரை 1 நிமிடம் 8.89 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியது 1924இல். 82 ஆண்டுகளில் தனிநபர் தங்கம் பெற்ற முதல் கறுப்பர். இதற்குமுன் 2002இல் வொனெட்டா ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினப் பெண் இருவர் பனிவண்டிப் போட்டியில் தங்கம் வாங்கியிருந்தார். தனியாளாக யாரும் இல்லை. அந்த வெற்றிக்குப் பிறகு தொலைக்காட்சி நிருபர் அவரிடம் கேட்டது, நீங்கள் கோபமாக இருக்கிறீர்களா என்று. தங்கம் வாங்கிய மனிதனிடம்! கறுப்பன் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லாவிட்டால் அவனுக்குக் கோபம் என்றுதானே அர்த்தம். மூன்று நாள் கழித்து 1500 மீட்டரில் ஷானிக்கு வெள்ளி, ஹெட்ரிக்குக்கு வெண்கலம். 1000 மீட்டரில் ஜெயித்தபோது ஹெட்ரிக் வந்து கைகுலுக்கவில்லை என்பதைச் செய்தியாளர் முன்னிலையிலேயே சொல்லிவிட்டு எழுந்து போனார் ஷானி. அணிக்காக ஓடு என்று கேட்டவரிடம் அணித் தோழனுக்குக் கொடுக்க ஒரு கைகூட இல்லை.

இதே டுரினில் இன்னொருவரும் இருந்தார். அவரைக் காட்டித்தான் ஷானியைக் குட்டினார்கள். ஜோயி சீக் என்ற வெள்ளை வீரர். 500 மீட்டரில் தங்கம் வாங்கினார், ஷானி வென்ற 1000 மீட்டரில் வெள்ளி. தங்கத்துக்குக் கிடைத்த 25,000 டாலர், வெள்ளிக்குக் கிடைத்த 15,000 டாலர் இரண்டையும் 'ரைட் டு பிளே' என்ற அமைப்புக்குக் கொடுத்தார். சூடானின் டார்ஃபூர் பகுதியிலிருந்து விரட்டப்பட்டு அகதியான குழந்தைகளுக்காக. அந்த அமைப்பைத் தொடங்கியவரும் ஒரு ஸ்பீடு ஸ்கேட்டர்தான், நார்வேயின் யோஹான் ஓலாவ் கோஸ். 1994இல் லில்லெஹாமரில் மூன்று தங்கம் வாங்கி, அதில் ஒன்றின் பரிசுப் பணத்தை இதே மாதிரி கொடுத்தவர்.

சீக் செய்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெரிய மனது. ஆனால் அது என்ன வகைக் கொடுத்தல்? தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஈகை வேறு, கைம்மாறு வேறு, ஒப்புரவு வேறு, செஞ்சோற்றுக் கடன் வேறு. சீக் கொடுத்தது ஈகை. கொடுத்தால் புகழ், கொடுக்காவிட்டால் கேட்பாரில்லை. அவரோடு சேர்ந்து அமெரிக்க அணியில் எத்தனையோ பேர் பதக்கம் வாங்கினார்கள், பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஒருவரையும் யாரும் சுயநலக்காரர் என்று சொல்லவில்லை. ஷானியிடம் கேட்டது செஞ்சோற்றுக் கடன். தின்ற சோற்றுக்கு உயிரைக் கொடு என்கிற கடன். கர்ணனிடம் கேட்டார்களே அது. களத்தில் அவன் பிறப்பைக் கேட்டு அவமானப்படுத்தினார்கள், பிறகு ஒருவன் நாடு கொடுத்தான், கொடுத்ததற்கு உயிரை வாங்கிக்கொண்டான். துரியோதனனாவது அங்க நாட்டை முன்பணமாகக் கொடுத்தான். இவர்கள் அதுவும் கொடுக்கவில்லை.

சீக்கின் கதை அதோடு முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். காசோலை கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. டார்ஃபூரில் கொலை ஏன் நடக்கிறது, சூடான் அரசுக்குத் துணையாக நிற்பது யார் என்று பேச ஆரம்பித்தார். விளையாட்டு வீரர்களைத் திரட்டி 'டீம் டார்ஃபூர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குக் கிளம்பவிருந்த நேரத்தில் சீன அரசு அவருடைய விசாவை ரத்து செய்துவிட்டது. கொடுக்கும்வரை கைதட்டல், கேள்வி கேட்டால் கதவடைப்பு. வெள்ளையருக்கே இதுதான் கதி. 'திருப்பிக் கொடுத்தல்' என்று ஆதிக்கம் கொண்டாடுவது எதை என்பது இதில் தெளிவாகிவிடுகிறது. பசித்தவனுக்குச் சோறு போட்டால் பாராட்டுவார்கள். அவன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்று கேட்டால் நீ அரசியல் பேசுகிறாய் என்பார்கள்.

அப்படியானால் ஷானிக்குக் கடனே இல்லையா? இருந்தது. ஒயிட் சிட்டி வாசலில் 1946இல் நின்றவர்களுக்கு, வீட்டைத் தூக்கிக்கொண்டு வடக்கே போன தாய்க்கு, அந்தத் தாயைப் போலவே இருந்தும் வீடு மாற்ற முடியாத ஆயிரம் தாய்களின் பிள்ளைகளுக்கு. அந்தக் கடனை அவர் அடைத்த இடம் தொலைக்காட்சியில் வராத இடம். வாஷிங்டன் நகரின் தென்கிழக்கில் ஃபோர்ட் டுபோன்ட் என்ற பனித்தளம் இருக்கிறது. சுற்றிலும் கறுப்பின மக்கள். மூன்று ஒலிம்பிக்குகளில் ஓடிய நத்தானியல் மில்ஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே 'இன்னர் சிட்டி எக்ஸலன்ஸ்' என்ற பெயரில் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஸ்பீடு ஸ்கேட்டிங் கற்றுக்கொடுத்தார். அந்தத் திட்டத்துக்குத் துணையாக, அந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக நின்றவர் ஷானி டேவிஸ்.

அந்தத் தளத்தில் சனிக்கிழமை விடியற்காலையில் பயிற்சிக்கு வந்த ஒரு சிறுமி மாமே பைனி. கானாவில் பிறந்து, அய்ந்து வயதில் அப்பாவிடம் அமெரிக்கா வந்தவள். அவளும் முதலில் வேறொரு தளத்தில் மிதமிஞ்சிய வேகத்தில் சுற்றி, 'நீ ஸ்பீடு ஸ்கேட்டிங் போம்மா' என்று சொல்லப்பட்டவள்தான். 2017 டிசம்பரில் அமெரிக்க ஒலிம்பிக் ஸ்பீடு ஸ்கேட்டிங் அணியில் இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனாள். ஷானி அவளை உருவாக்கினார் என்று கதை கட்ட நான் வரவில்லை. அவள் காலில் ஓடியவள் அவள். ஆனால் கறுப்பர்கள் வசிக்கும் பகுதியில் தளம் ஒன்று திறந்திருந்தது, விடியற்காலையில் விளக்கு எரிந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார், அந்தச் சுவரில் மாட்ட ஒரு கறுப்புச் சாம்பியனின் முகம் இருந்தது. இதுதான் ஒப்புரவு. கொடுப்பவன் மேலேயும் வாங்குபவன் கீழேயும் நிற்காத கொடுத்தல்.

2018இல் இன்னொருத்தி வந்தாள். ஃபுளோரிடாவின் ஓக்காலா ஊர்க்காரி எரின் ஜாக்சன். சக்கரக் காலில் ஓடிக்கொண்டிருந்தவள், பனிக்கு மாறிச் சில மாதங்களிலேயே நெடுந்தட ஒலிம்பிக் அணிக்கு வந்தாள். அந்த அணியில் முதல் கறுப்பினப் பெண். 2022 தகுதிப் போட்டியின் 500 மீட்டரில் கால் இடறி மூன்றாவதாக வந்து வாய்ப்பை இழந்தாள். முதலாவதாக வந்தவர் அதே ஓக்காலாவின் பிரிட்டனி போவ், வெள்ளையர். தன் இடத்தை எரினுக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு கூடுதல் இடம் கிடைத்து போவும் ஓடினார். 2022 பிப்ரவரி 13இல் எரின் 37.04 விநாடியில் தங்கம் வாங்கினாள். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். விட்டுக்கொடுப்பதை யாரும் போவிடம் கடனாகக் கேட்கவில்லை. கேட்காமல் செய்ததால்தான் அது தோழமை. 2006இல் ஷானியின் கழுத்தைப் பிடித்து வாங்கப் பார்த்தது தோழமை அல்ல, வசூல்.

ஷானி 2010 வான்கூவரிலும் 1000 மீட்டர் தங்கம் வாங்கினார். அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்கில் அந்தத் தூரத்தை வென்ற முதல் ஆண். 1500 மீட்டரில் மறுபடி வெள்ளி. 2009இல் உலக ஸ்பிரிண்ட் பட்டம். ஆல்ரவுண்ட், ஸ்பிரிண்ட் இரண்டையும் வென்றவர் ஆண்களில் அவருக்குமுன் ஹைடன் ஒருவர்தான். நாடு திருப்பிக் கொடுத்தது என்ன? 2018இல் தொடக்க விழாவில் கொடி பிடிக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு. எட்டுக் குளிர்கால விளையாட்டுகளின் சார்பில் எட்டு வாக்கு. ஷானிக்கு நான்கு, சறுக்குவண்டி வீராங்கனை எரின் ஹாம்லினுக்கு நான்கு. காசு சுண்டிப் பார்த்தார்கள், ஹாம்லினுக்கு விழுந்தது. கறுப்பர் வரலாற்று மாதம் நடக்கிறது என்று நினைவூட்டி, இது கௌரவமான முறையா என்று ஷானி வெளிப்படையாகக் கேட்டார். விழாவுக்கும் போகவில்லை. உடனே பழைய பல்லவி: நன்றியில்லாதவர். காசு பொய் சொல்லியது என்று நான் சொல்லமாட்டேன், விதி அப்படித்தான் இருந்தது. ஆனால் இரண்டு தங்கம், இரண்டு வெள்ளி, நான்கு விளையாட்டுக் குழுக்களின் வாக்கு எல்லாம் சேர்ந்தும் ஒரு கறுப்பனின் கௌரவம் காசைச் சுண்டிப் பார்க்கிற அளவில்தான் நின்றது. அதைக் கேட்கிற உரிமைகூட அவருக்கு இல்லையாம். 2019இல் ஓய்வு பெற்றார்.

இதில் நமக்கென்ன என்று யாரும் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 2021 டோக்கியோவில் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் அப்படிச் செய்த முதல் இந்தியப் பெண். நான்கே நாளில் அணி அரையிறுதியில் தோற்றபோது, ஹரித்வார் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் வெடி வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றோம் என்று ஆதிக்க சாதியினர் கத்தியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். மூன்று கோல் போட்ட கடன் பாக்கிக்கு இதுதான் ரசீது. தேசம் என்கிற கந்துக்கடையில் நமக்கு வட்டி மட்டும்தான், அசல் என்றைக்கும் கழியாது.

நம் இயக்கத்திலும் இந்தச் சொல் உண்டு. 1956இல் ஆக்ராவில் பேசிய பாபாசாகேப், படித்த நம் ஆட்களே ஏமாற்றிவிட்டார்கள் என்று வேதனைப்பட்டார். 1978இல் கான்ஷிராம் தொடங்கிய பாம்செஃப் 'சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்து' என்பதையே முழக்கமாக வைத்தது. அந்தக் குரலுக்கு நான் முழுசாகக் கட்டுப்பட்டவன். அது உலை வைத்தவரின் குரல். தன் படிப்பை, உடம்பை, நான்கு பிள்ளைகளின் சாவைக் கொடுத்தவர் கேட்டார். அதே சொல்லைத் தூக்கிக்கொண்டு, கிணற்றைப் பூட்டியவன் வந்து 'உங்க ஆளுங்களே உங்களுக்குச் செய்யறதில்லையே' என்று நமக்காகக் கண்ணீர் விடும்போது நாம் தலையாட்டக் கூடாது. வாயை மூடச் சொல்லவேண்டும். திருப்பிக் கொடுக்கவேண்டியவர் முதலில் அவர். பூட்டி வைத்த ஆண்டுகளை, மறுத்த மைதானங்களை, குறுக்கே வைத்த விதிகளை.

நமக்குள்ளும் ஒரு வார்த்தை பேசவேண்டியிருக்கிறது. மேலே போன ஆளைக் கூட்டிவந்து சால்வை போட்டு, மைக் செட் வாடகைக்கு நன்கொடை வாங்கி, அதையே சமூகக் கடமை என்று முடித்துக்கொள்கிறோம். எங்கள் காலனியில் ஓர் அதிகாரி ஏப்ரல் 14க்கு வருடாவருடம் பணம் கொடுக்கிறார், சுவரொட்டியில் பெரிய படம் வருகிறது. அதே தெருவில் செவிலியராக வேலை பார்க்கும் ஓர் அக்கா ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு நர்சிங் கல்லூரி விண்ணப்பம் நிரப்பித் தருகிறார். எந்தச் சான்றிதழை எந்த ஆபீசில் எத்தனை மணிக்குப் போனால் வாங்கலாம் என்று சொல்லித் தருகிறார். சுவரொட்டியில் அவர் இல்லை. ஆறு பெண்கள் அந்தத் திண்ணையிலிருந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். தான் நுழைந்த வாசலின் சாவியை இன்னொரு படி எடுத்துக் கொடுப்பதுதான் நமக்கு வேண்டிய கொடுத்தல். ஃபோர்ட் டுபோன்ட்டில் நடந்ததும் அதுதான்.

இன்னொன்று. ஜெயித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை ஓடவிடுங்கள். காலைப் பத்திரப்படுத்த வேண்டிய வாரத்தில் அவனை எல்லா மேடைக்கும் இழுக்காதீர்கள். ஷானி துரத்தலில் ஓடிக் களைத்து 1000 மீட்டரில் நான்காவதாக வந்திருந்தால், அவரை நல்ல பிள்ளை என்று சொல்லியிருப்பார்கள். பனித்தளத்தில் நிற்கிற ஒரு கறுப்புச் சிறுமிக்கு அதனால் என்ன லாபம்? சில நேரம் ஒரு மனிதன் தன் ஓட்டத்தைத் தனக்காகவே ஓடி முடிப்பதுதான் தன் மக்களுக்கு அவன் செய்கிற பெரிய காரியம்.

ஆகவே தோழர்களே, அடுத்தமுறை யாராவது உங்கள் முன்னால் வந்து 'திருப்பி என்ன கொடுத்தே' என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். நீ எப்போது கொடுத்தாய்? உன் ஆளிடமும் இதைக் கேட்டாயா? நான் கொடுத்தால் அது பிச்சையாகப் போகுமா, சாவியாகப் போகுமா? மூன்றுக்கும் நேரான பதில் சொல்கிறவர் நம் ஆள், அவருக்கு நாம் கடன்பட்டவர்கள். பதில் சொல்லாமல் முகம் சிவக்கிறவரிடம் நம் பாக்கி நிறைய இருக்கிறது. அதை வசூலிக்கிற வேலையை இனியாவது தொடங்குவோம்.